ஓட்டப்பிரியர்கள்: ஒரு பேருக்குள் எத்தனை சிலந்தி?

சிலந்தி என்றதும் வலைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் உலகத்தில் உள்ள சிலந்திகளில் ஏறக்குறைய பாதி, இரை பிடிக்க வலை கட்டுவதே இல்லை. ஓடிப் பிடிக்கும், தாவிப் பிடிக்கும், இல்லையென்றால் பூவுக்குள் உட்கார்ந்து காத்திருக்கும். அப்படி வலை கட்டாத கூட்டத்தில் ஒரு பேரினத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் ஃபிலோட்ரோமஸ். கிரேக்கத்தில் ஃபிலோஸ் என்றால் பிரியம், ட்ரோமோஸ் என்றால் ஓட்டம். ஓட்டப்பிரியன் என்று வைத்துக்கொள்ளலாம். 1826இல் வால்கெனர் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். சிலந்திகளுக்கு வைத்த பெயர்களில் இவ்வளவு பொருத்தமானது ரொம்பக் குறைவு என்பது என் கருத்து.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். உடம்பு சுமார் 5 மில்லிமீட்டர், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். தட்டையானது. எட்டுக் காலும் முன்னும் பின்னுமாக இல்லாமல் பக்கவாட்டில் விரிந்திருக்கும், நண்டு மாதிரி. அதனால்தான் இந்தக் குடும்பத்துக்கே ஓடும் நண்டுச் சிலந்திகள் என்று பெயர். வெறும் நண்டுச் சிலந்தி என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. மஞ்சள் பூவில் மஞ்சளாகவும் வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் உட்கார்ந்து வண்டு, ஈ, தேனீ எல்லாவற்றையும் பிடிக்குமே, அது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பூவில் உட்காரும் நண்டுச் சிலந்திக்கு முன்னால் உள்ள இரண்டு ஜோடிக் கால்களும் தடித்து நீண்டு, கட்டிப்பிடிக்கத் தயாராக விரிந்திருக்கும். பின்னால் உள்ளவை சின்னவை. ஃபிலோட்ரோமஸுக்கு எல்லாக் காலும் கிட்டத்தட்ட ஒரே மெலிவு, இரண்டாவது ஜோடி மட்டும் மற்றவற்றைவிட நீளம். ஒன்று பிடிப்பதற்கான உடம்பு, மற்றது ஓடுவதற்கான உடம்பு.

பாதத்தையும் பார்க்க வேண்டும். நகங்களுக்குக் கீழே நுண்ணிய மயிர்க்கற்றை இருக்கிறது. ஒவ்வொரு மயிரும் நுனியில் இன்னும் நுண்ணியதாகப் பிரிந்து, மேற்பரப்பில் ஒட்டுகிறது. பசை எதுவும் கிடையாது. பல்லி சுவரில் ஏறுவதும் இதே வகை வித்தைதான். வுல்ஃப், கோர்ப் என்ற இருவர் 2012இல் ஃபிலோட்ரோமஸ் டிஸ்பார் என்ற இனத்தை எடுத்துக்கொண்டு, காற்றின் ஈரப்பதம் மாறும்போது இந்தப் பிடி எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். வழவழப்பான இலையில் தலைகீழாக ஓடும் பிராணிக்கு இது வாழ்வா சாவா என்கிற கேள்வி. விரலைக் கிட்டே கொண்டுபோனால் இலையின் மேலே இருந்தது சட்டென்று அடியில் இருக்கும். அங்கேயும் துரத்தினால் நூலை ஒட்டிவிட்டு ஒரே குதி, கீழே. படம் எடுக்கிறவர்கள் திட்டுகிற சிலந்திகளில் இதற்கு நல்ல இடம் உண்டு.

இந்தப் பேரினத்தில் இன்றைக்கு 200க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா. ஆனால் நான் இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. ஒரே பேருக்குள் பல இனங்கள் ஒளிந்துகொண்டிருந்த கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதை அருங்காட்சியக அலமாரியோடு நின்றுவிடாமல், பழத்தோட்டம் வரைக்கும் வருகிறது.

கதை சுவீடனில் தொடங்குகிறது. கார்ல் கிளெர்க் என்று ஒருவர், ஸ்டாக்ஹோமில் வரி அதிகாரி. லின்னேயஸின் சொற்பொழிவு கேட்டு இயற்கையியலில் ஆசை வந்தவர். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் சிலந்தி பார்த்து, வளர்த்து, வரைந்து, 1757இல் சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். சுவீடிய மொழியிலும் லத்தீனிலும் எழுதி, வண்ணப்படங்களோடு, அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பெயர்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. விலங்குகளின் அறிவியல் பெயர்கள் எல்லாம் 1758இல் வந்த லின்னேயஸின் புத்தகத்தின் பத்தாம் பதிப்பிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன்னால் யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் செல்லாது. விதி அப்படி. ஆனால் அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு, கிளெர்க்கின் சிலந்திப் புத்தகம். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதிமுறையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. குருவின் புத்தகத்தைவிட சிஷ்யனின் புத்தகத்துக்கு, சிலந்திகள் விஷயத்தில் மட்டும், முன்னுரிமை. அதனால் சிலந்திப் பட்டியலைத் திறந்தால் 1757 என்ற வருஷம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வேறு எந்த விலங்கின் பட்டியலிலும் அந்த வருஷத்தைப் பார்க்க முடியாது.

அந்தப் புத்தகத்தில் கிளெர்க் பெயர் வைத்த இரண்டு சிலந்திகள் இன்று ஃபிலோட்ரோமஸில் இருக்கின்றன. ஒன்று மார்கரிட்டாட்டஸ், முத்துப் பதித்தது. இன்னொன்று அவ்ரியோலஸ், பொன்னானது. இந்தப் பொன்னான ஆசாமிதான் நம்ம கதாநாயகன், சிக்கலுக்கும் அவரே காரணம்.

அவ்ரியோலஸ் பெண் சிலந்தி மஞ்சள் கலந்த பழுப்பு. ஆண் கருத்து, வெயில் படும்போது ஊதாவும் பச்சையுமாக லேசாக மின்னும். ஐரோப்பாவில் வேலியோரச் செடி, தாழ்ந்த கிளை, எங்கே குடையை விரித்துப் பிடித்துக் கிளையைத் தட்டினாலும் விழும். நூறு வருஷத்துக்கு மேல், இந்த மாதிரி இருந்த எல்லாவற்றையும் அவ்ரியோலஸ் என்று எழுதிப் போத்தலில் போட்டார்கள். நடுநடுவே சிலர் வேறு பேரும் வைத்தார்கள். வால்கெனர் 1802இல் பாரிஸ் பக்கத்து விலங்குகளைப் பற்றி எழுதியபோது செஸ்பிட்டம் என்று ஒன்றைச் சொன்னார். லத்தீனில் அது புல்தரையைக் குறிக்கும் சொல். ஆனால் சிலந்தி பெரும்பாலும் செடியிலும் மரத்திலும்தான் இருக்கும். பேருக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்பது மாதிரி. 1871இல் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்துப் பாதிரியார் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ், பிரெடாட்டஸ் என்று இன்னொன்றைப் பிரித்தார். காலினஸ் என்று ஒன்று, லாங்கிபால்பிஸ் என்று ஒன்று. இவை எல்லாம் உண்மையிலேயே வேறு வேறா, இல்லை ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளா என்று சண்டை ஓடிக்கொண்டே இருந்தது.

நிறத்தை வைத்துத் தீர்க்க முடியாத சண்டை அது. ஒரே இனத்துக்குள்ளேயே வெளிறியது, கருத்தது, கோடு போட்டது எல்லாம் இருக்கிறது. அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பது? சிலந்தி ஆய்வாளர்கள் எப்போதும் போகும் இடம் ஒன்று உண்டு, பிறப்புறுப்பு. ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக்கால் மாதிரி இருக்கும். அவற்றைப் பால்ப் என்பார்கள். நுனி குத்துச்சண்டைக் கையுறை போல வீங்கியிருக்கும். ஆண் தன் விந்தை அதில் உறிஞ்சி எடுத்துக்கொண்டுபோய்ப் பெண்ணுக்குள் செலுத்துகிறது. அதன் உள்ளே உள்ள வளைவு, முள், தகடு எல்லாம் இனத்துக்கு இனம் வேறு. பெண்ணின் வயிற்றுக்கு அடியில் அதற்கு எதிரான ஒரு தகடு, அதுவும் அப்படியே. இதெல்லாம் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் சமாச்சாரம். நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, சரியான கோணத்தில் திருப்பினால்தான் தெரியும். கோணம் கொஞ்சம் மாறினால் செஸ்பிட்டத்தின் முள் அவ்ரியோலஸின் முள் மாதிரி இருக்கும். பழைய புத்தகங்களில் கையால் வரைந்த படங்களில் எத்தனை பேர் வழி தவறியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் செகெர்ஸ் இந்தக் கூட்டத்தை உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2004இல் செக் நாட்டின் குப்ட்சோவா, மத்திய ஐரோப்பாவில் இதே கூட்டத்துக்குள் புதிதாக இன்னொரு இனம் இருப்பதைக் காட்டி, யான் புகார் என்ற மூத்த சிலந்தி ஆய்வாளர் பெயரால் புகாரி என்று பெயர் வைத்தார். யோசியுங்கள். அமேசான் காடு இல்லை, போர்னியோ இல்லை. இருநூற்றைம்பது வருஷமாகச் சிலந்தி பொறுக்கிக்கொண்டிருக்கும் மத்திய ஐரோப்பா. அங்கே சாதாரணமாகத் தென்படும் ஒரு கூட்டத்துக்குள், கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒன்று 2004 வரை பேரில்லாமல் இருந்திருக்கிறது.

சரி, ஏழெட்டு இனமாக இருந்தால் என்ன, ஒன்றாக இருந்தால் என்ன? யாருக்கு நஷ்டம்?

இங்கேதான் பழத்தோட்டம் வருகிறது. ஐரோப்பாவில் பேரிக்காய் விவசாயிக்குப் பெரிய தலைவலி ஒரு சில்லிட் பூச்சி. சில்லிட் நமக்குப் புதுசு இல்லை. நம்ம கறிவேப்பிலைக் கொழுந்தைச் சுருட்டிக் கெடுப்பதும் இந்த வகைப் பூச்சிதான். பேரி மரத்து சில்லிட் சாற்றை உறிஞ்சும், தேன் போல ஒட்டும் கழிவை விடும், அதில் கரும்பூசணம் படரும், பழம் விலை போகாது. இது குளிர்காலத்தை முட்டையாகவோ புழுவாகவோ கழிப்பதில்லை. வளர்ந்த பூச்சியாகவே மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு கழிக்கிறது. குளிர் முடியும் முன்னேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடும். ஒரு பெண் நூற்றுக்கணக்கில் வைக்கும். அதனால் பிப்ரவரியில் ஒரு பெண் பூச்சி செத்தால், அது மே மாதத்தில் நூறு பூச்சி செத்ததற்குச் சமம்.

ஆனால் பிப்ரவரியில் அதைக் கொல்ல யார் இருக்கிறார்கள்? பொறிவண்டு தூங்குகிறது. ஒட்டுண்ணிக் குளவி வெளியே வரவில்லை. பனி உறைந்து கிடக்கும் தோட்டத்தில் பூச்சி தின்னிகள் யாரும் வேலை செய்வதில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2015இல் செக் நாட்டின் ஸ்டானிஸ்லாவ் பெகாரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்காலப் பேரித்தோட்டத்தில் மரப்பட்டைச் சந்தில் இருக்கும் சிலந்திகள் தூங்கவில்லை, உறைநிலையை ஒட்டிய குளிரில்கூட எழுந்து போய் இரை பிடிக்கின்றன, பிடிப்பதில் இந்த சில்லிட்டும் உண்டு என்று காட்டினார்கள். அந்தச் சிலந்திகளில் முக்கியமான ஒரு கூட்டம் நம்ம ஃபிலோட்ரோமஸ்.

இப்போது சிக்கலைச் சேர்த்துப் பாருங்கள். குளிர்காலத்தில் மரத்தில் இருக்கும் ஃபிலோட்ரோமஸ் அநேகமாக எல்லாம் வயசுக்கு வராதவை. இவை வசந்தத்தில் கடைசித் தோலை உரித்து, கோடை தொடக்கத்தில் கூடி, முட்டை வைக்கும். இனம் கண்டுபிடிக்க நமக்குத் தேவையானது பால்ப்பும் அடித்தகடும். இரண்டும் கடைசித் தோல் உரித்த பிறகுதான் முழுதாக உருவாகும். ஆக, எந்த மாதத்தில் இந்தச் சிலந்தி விவசாயிக்கு அதிகம் உதவுகிறதோ, அந்த மாதத்தில் அது யார் என்று உருவத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கட்டுரைகளில் ஃபிலோட்ரோமஸ் என்று பேரினத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நேர்மையான வழி அதுதான், வேறு என்ன செய்ய முடியும்? மத்திய ஐரோப்பியத் தோட்டங்களில் அடிக்கடி கிடைப்பது செஸ்பிட்டம், கூட அவ்ரியோலஸும் வேறு சிலவும் கலந்திருக்கும் என்பது வசந்தத்தில் பெரியவற்றைப் பிடித்துப் பார்த்துத்தான் தெரிகிறது.

இனம் மட்டும் இல்லை, ஆளுக்கு ஆள் குணமும் மாறுகிறது என்பது இதைவிடச் சுவாரசியமான சங்கதி. ராடெக் மிகால்கோவும் பெகாரும் இந்தச் சிலந்திகளுக்கு ஆய்வகத்தில் இரை கொடுத்துப் பார்த்தார்கள். சில சிலந்திகள் வந்ததை எல்லாம் கொன்று போடுகின்றன, பசி இருக்கிறதோ இல்லையோ. சில சிலந்திகள் பயந்த சுபாவம், பொறுக்கித்தான் தின்னும். ஒரே சிலந்தியைத் திரும்பத் திரும்பச் சோதித்தாலும் அதன் குணம் பெரிதாக மாறுவதில்லை. முரடு முரடாகவே இருக்கிறது.

முரடு அதிகம் இருந்தால் விவசாயிக்கு நல்லதுதானே என்று தோன்றும். அவ்வளவு எளிதில்லை. அதே மரத்தில் சில்லிட்டைத் தின்னும் சின்னச் சிலந்திகள் வேறு இருக்கின்றன. முரட்டு ஃபிலோட்ரோமஸ் ஆள் பார்க்காமல் அந்தச் சின்னச் சிலந்தியையும் தின்றுவிடும். பயந்தது சில்லிட்டையே விரும்பி எடுக்கும், சின்னச் சிலந்தியை விட்டுவிடும். ஆய்வக அளவுகளையும் தோட்டத்து எண்ணிக்கைகளையும் வைத்து ஒரு கணினி மாதிரி போட்டு, 2017இல் இதை வெளியிட்டார்கள். சின்னச் சிலந்திகளோடு ஒப்பிட ஃபிலோட்ரோமஸ் எண்ணிக்கை அதிகமாக இருக்கும்போது முரட்டுக் குணம் சில்லிட்டை நன்றாக அடக்குகிறது. குறைவாக இருக்கும்போது பயந்த குணம்தான் மேல். கேட்டால் ஏதோ ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

பூச்சிமருந்து இதற்குள் நுழையும்போது இன்னும் குழப்பம். மருந்து பட்ட ஃபிலோட்ரோமஸ் சாகாமல் பிழைத்தாலும் முன்பு போல இரை பிடிப்பதில்லை. அந்தப் பாதிப்பும் வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது என்று மிகால்கோவின் இன்னொரு ஆய்வு சொல்கிறது. செத்த சிலந்தியை எண்ணிவிடலாம். உயிரோடு இருந்தும் வேலை செய்யாத சிலந்தியை எண்ணுவது கஷ்டம். மருந்து டப்பாவில் நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் பாதுகாப்பானது என்று எழுதுகிறவர்கள் எதை எண்ணிவிட்டு எழுதுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவ்ரியோலஸ் கூட்டத்தை விட்டு வெளியே வந்தால் இந்தப் பேரினத்தில் கண்ணுக்கு விருந்தானவை இருக்கின்றன. கிளெர்க் முத்துப் பதித்தது என்று சொன்ன மார்கரிட்டாட்டஸ், பாசிக்காளான் படர்ந்த மரத்தண்டில் ஒட்டிப் படுத்திருக்கும். பாசிக்காளான் என்று நான் சொல்வது மரப்பட்டையில் வெளிறிய சாம்பல் பச்சைத் திட்டாகப் படருமே, அது. சிலந்தியின் மேல் அதே வெளிறிய நிறமும் கறுப்புப் புள்ளிகளும். கால்களை முழுக்க விரித்துப் பட்டையோடு பட்டையாகப் படுத்துவிட்டால் நிழல்கூட விழாது. ஓட்டப்பிரியன் என்ற பேருக்கு நேர் எதிராக மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும், ஓட வேண்டிய நேரத்தில் மட்டும் ஓடும்.

டிஸ்பார் என்றால் ஒவ்வாதது, ஜோடி சேராதது. பெண் பழுப்பு, ஆண் பளபளக்கும் கறுப்பில் வெள்ளை ஓரம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே இனம் என்று நம்பமாட்டீர்கள். ஐரோப்பியச் சிலந்தியான இது வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கமும் போய்க் குடியேறிவிட்டது. சாதாரண ஆள் நுண்ணோக்கி இல்லாமல் இனம் சொல்லக்கூடிய ஒரு சிலவற்றில் டிஸ்பார் ஆணும் ஒன்று.

கடற்கரை மணல்மேட்டில் மணல் நிறத்தில் வாழும் ஃபாலக்ஸ், ஏமாற்றுக்காரன் என்று பொருள். புதர்களில் வாழும் ஹிஸ்ட்ரியோ, நடிகன். இரண்டும் ரொம்ப காலம் ஃபிலோட்ரோமஸாக இருந்தவை. இப்போது ரைசோட்ரோமஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியதரைக்கடல் பக்கத்து ஒரு கூட்டத்துக்கு 2012இல் புல்கெல்லோட்ரோமஸ் என்று தனிப் பேரினம் வந்தது. ஒரு பக்கம் இனம் இனமாகப் பிரிந்து எண்ணிக்கை கூடுகிறது, இன்னொரு பக்கம் கூட்டம் கூட்டமாக வெளியே போகிறது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு புதிய பட்டியலில் தேடினால் ஆளைக் காணோம் என்று ஆகும்.

இனம் காண்பதில் உள்ள இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். செஸ்பிட்டம் ஆண், கூடி முடித்ததும் பெண்ணின் பிறப்புறுப்புத் துளையின் மேல் ஒரு பொருளைப் பூசி அடைக்கிறது. அடுத்து வரும் ஆணுக்கு வழி விடாமல் இருக்க ஒரு மூடி. அடுத்து வருகிறவன் சும்மா இருப்பதில்லை, அதைப் பெயர்த்து எடுக்கப் பார்க்கிறான். லெங்கா சென்டென்ஸ்காவும் சகாக்களும் இந்த மூடியைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது இனப்பெருக்கப் போட்டி. நுண்ணோக்கியில் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கோ, எந்தத் தகட்டைப் பார்த்து இனம் சொல்ல வேண்டுமோ அதையே மூடியிருக்கும் அழுக்கு. ஊசியால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பேரினத்துக்கு மேலே, குடும்பத்திலும் இதே கதை. பிரான்சின் யூஜின் சிமோன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய பெரிய நூலில் ஓடும் நண்டுச் சிலந்திகளை, நண்டுச் சிலந்திக் குடும்பத்துக்குள் ஒரு துணைக் குடும்பமாக வைத்தார். கால் விரிந்திருக்கிறது, நண்டு மாதிரி இருக்கிறது, உறவுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஹோமன் என்ற ஜெர்மானியர் சிலந்திகளின் கண்ணை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். 1975இல் இந்த இரண்டு கூட்டத்தின் கண் அமைப்பையும் ஒப்பிட்டு, இவை நெருங்கிய உறவு இல்லை என்றார். பிறகு வந்த உறுப்பமைப்பு ஆய்வுகளும் மரபணு ஆய்வுகளும் அவர் பக்கமே சாய்ந்தன. இன்றைய நிலவரம் என்ன தெரியுமா? பூவில் உட்காரும் நண்டுச் சிலந்தி, ஓநாய்ச் சிலந்திகள் இருக்கும் கிளைக்குப் போய்விட்டது. ஓடும் நண்டுச் சிலந்தி, குதிக்கும் சிலந்திகளின் பக்கத்தில் நிற்கிறது. நம்ம வீட்டுச் சுவரில் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்குமே, அந்தக் குதிக்கும் சிலந்தி. பக்கவாட்டில் விரிந்த நண்டுக்கால், இரண்டு பரம்பரையில் தனித்தனியாக வந்திருக்கிறது.

இந்தியப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சிலந்திகளுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதன்மையானவர் பி.கே. டிகாடர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1980இல் அவர் எழுதிய நண்டுச் சிலந்திகள் தொகுதியில் ஃபிலோட்ரோமஸும் அதன் சொந்தங்களும் அந்தக் காலத்து வழக்கப்படி நண்டுச் சிலந்திக் குடும்பத்துக்குள்தான் இருக்கின்றன. தனிக் குடும்பம் என்று தேடினால் அங்கே கிடைக்காது. நம்ம பக்கத்துப் புல்லில் சுலபமாகப் பார்க்கக் கூடியது ஃபிலோட்ரோமஸைவிட அதன் சொந்தக்காரனான டிபெல்லஸ். உடம்பு ஈர்க்குச்சி மாதிரி நீளம். புல்தாளில் நான்கு காலை முன்னால் நீட்டி, நான்கைப் பின்னால் நீட்டி, தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதிலே ஓர் இனத்துக்கு எலாங்கேட்டஸ், நீண்டது, என்று 1960இல் டிகாடரே பெயர் வைத்தார்.

படம் எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகுப்பக்கம் மட்டும் எடுத்த படத்தை வைத்து அவ்ரியோலஸ் கூட்டத்தில் இனம் சொல்ல யாராலும் முடியாது, யாராவது சொன்னால் ஊகம்தான். முதலில் முகத்துக்கு முன்னால் பாருங்கள். பால்ப் நுனி வீங்கியிருந்தால் ஆண், ஆனால் அது இன்னும் வழவழவென்று உருண்டையாக இருந்தால் கடைசித் தோல் உரிக்காத பையன். வளைவும் முள்ளும் தெரிந்தால் பெரியவன், அதைப் பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து ஒன்று என இரண்டு படம் எடுங்கள். வீங்காமல் மெலிந்திருந்தால் அது பெண் அல்லது குட்டி. கண்ணாடிக் குப்பியில் ஓட விட்டு அடியிலிருந்து வயிற்றை எடுங்கள், தகடு தெரியாவிட்டால் குட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். எதுவும் தெளிவாக இல்லையென்றால் ஃபிலோட்ரோமஸ் என்று மட்டும் எழுதி, தேதியும் எந்த மரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். மரத்தின் பேரை எழுதுகிறவர்கள் குறைவு. காலினஸ் ஊசியிலை மரங்களில் அதிகம், பிரெடாட்டஸ் வயசான ஓக் மரங்களில் அதிகம் என்று தெரிந்தது யாரோ மறக்காமல் மரத்தின் பேரையும் எழுதி வைத்ததால்தான்.